ஒரு ஆம்பளைக்கு

செவ்வாய்க்கிழமை வாடிப்பட்டிச் சந்தையில்
ஏழு மணிக்கெல்லாம் நல்ல கோழி போய்விடும்
என்றிருந்தாள் லூர்துமேரி.
நான் போனது பத்தேகாலுக்கு.

மிச்சம் இரண்டு.
ஒரே வாழைநாரில் கால் கட்டி
ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்தன.
செவலை ஒன்று, கருப்பில் பொன்புள்ளி ஒன்று.
"ரெண்டும் விடைதான்க்கா,
கார்த்திகைக்குள்ள முட்ட வச்சிரும்"
மீசை முளைக்காத வியாபாரி.
விடை என்றால் பதில் என்றுதான்
பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்.
முட்டையிடத் தொடங்காத கோழிக்கும் அதுதான் பெயராம்.
எண்ணூறு சொன்னான், எழுநூற்றைம்பதுக்கு முடிந்தது.
முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு
நான் அவற்றைத் தூக்கிய அழகிலேயே
இன்னும் நூறு கேட்டிருக்கலாமென்று
அவனுக்குத் தோன்றியிருக்கும்.

ஏதோ கல்யாணத்தில் தந்த கட்டைப்பை.
அழகர்ராஜா வெட்ஸ் சங்கரேஸ்வரி,
செக்கானூரணி, வைகாசி எட்டு.
மாப்பிள்ளை பெயருக்கு மேலே செவலையின் தலை.
பொண்ணு பெயருக்கு மேலே புள்ளியின் தலை.
அப்படி வந்ததுதான் பெயர்.
நான் வைக்கவில்லை.

பெரியார் போகிற டவுன் பஸ்.
எனக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துவிட்டுத்
திரும்பினார் கண்டக்டர்.
பை கொக்கென்றது.
"கோழிக்கு லக்கேஜ் போடணும்மா."
நூற்பாலையில் இருபத்தொரு வருஷம்
சூப்பர்வைசர் முன்னால் வாய் திறக்காதவள்,
எங்கிருந்துதான் வந்ததோ,
"ரெண்டும் பொம்பளப் பிள்ளைக சார்" என்றேன்.
பின்சீட்டுப் பூக்காரி சிரித்த சிரிப்பில்
மடியிலிருந்த பிச்சிப்பூ ஒரு முழம் அவிழ்ந்து விழுந்தது.
கண்டக்டர் சிரிக்கவில்லை.
பைக்குள் எட்டிப் பார்த்தார்.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
இன்னும் இரண்டு சீட்டைக் கிழித்து
உள்ளே போட்டார்.
சமயநல்லூர் வருவதற்குள்
அழகர்ராஜா ஒன்றைத் தின்றுவிட்டது.

பரவை. வீட்டுக்குப் பின்னால்
மூன்றடிக்குப் பதினாறடி,
கொத்தனார் கணக்குத் தப்பி மிஞ்சிய மண்.
செத்துப்போன வாஷிங்மெஷின் டிரம்மைச் சாய்த்து
கழிவுப் பஞ்சு பரப்பியிருந்தேன்.
நாரை அறுத்தேன்.
கால் விடுபட்டது தெரியாமல்
கட்டிப்போட்ட மாதிரியே
வெகுநேரம் உட்கார்ந்திருந்தன இரண்டும்.
குருணை போட்டேன். தொடவில்லை.
பா பா என்றேன்.
என் குரல் எனக்கே வெட்கமாக இருந்தது.
கதவைச் சாத்தி, சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தேன்.
தின்றன.

ராத்திரி சரக்கு ரயில்.
பன்னிரண்டு வருஷமாக என் காதில் விழாத ரயில்
அன்றைக்கு விழுந்தது.
செல்போன் வெளிச்சத்தோடு ஓடினேன்.
டிரம்மில் இல்லை.
தண்ணி மோட்டார் மேலே, ஒன்றின் சிறகுக்குள்
இன்னொன்றின் தலை.
எந்தத் தலை எதனுடையது என்று
தெரியவில்லை.

ஐந்தாம் வாரம், விடிகாலை நாலரை.
சங்கரேஸ்வரி கழுத்தை நீட்டி
துருப்பிடித்த கேட்டைத் தள்ளுவது போல
ஒரு சத்தம் போட்டது.
நிறுத்தி, யார் கத்தியது என்று
சுற்றிப் பார்த்தது.
திரும்பவும் போட்டது.
மாடியிலிருந்து ஆசீர்வாதம் சார்:
"என்னம்மா, பொண்ணு பெரியவனாயிட்டா போல?"

சந்தைக்காரனை வைய வாய் வரவில்லை.
இரண்டில் ஒன்றுதான் விடை.

அந்த விடை, அழகர்ராஜா,
கார்த்திகை பிறந்து ஆறாம் நாள்
கழிவுப் பஞ்சில் ஒன்று வைத்தது.
எலுமிச்சை அளவு, ஓட்டில் ஒரு ரத்தக்கீற்று.
வேலைக்குப் போகிற அவசரத்தில்
அதைக் கையில் வைத்துக்கொண்டே
வீட்டைப் பூட்டி,
வாசலில் நின்று,
திறந்து, திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் போனேன்.

போன வாரம் அதே பஸ், அதே கண்டக்டர்.
என் சீட்டைக் கிழித்துத் தந்தார்.
பத்து ரூபாயை நீட்டினேன்.
"எதுக்கும்மா?"
"ஒரு ஆம்பளைக்கு."
என் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார்.
யாரும் இல்லை.